திரும்புமலை என்றே எழுதுங்கள்

தகுதியால் தலைமை ஏற்றுத் தளராது அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! தேசியப் பூங்காவின் மாண்புமிகு இயக்குநர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே! கைவேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் சக ஜீப் ஓட்டுநர்களே! உங்கள் அனைவரையும் ஓட்டுநராகிய நான் வணங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஒரு பெயருக்காக! பூங்காவின் புது வரைபடத்தில் நம் திரும்புமலைக்கு ‘எழில்முடி’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். எழில் இல்லையா? இருக்கிறது! கிழக்கே சாலையிலிருந்து பார்த்தால் பசுவின் முதுகைப்போல் பணிந்து படுத்திருக்கும். மேற்கே? பார்த்தாலே தலைசுற்றும் பள்ளம்! அந்தப் பள்ளத்திலிருந்துதான் மேகம் ஏறும். சாலையில் நிற்பவருக்குத் தெரியாது, சரிவில் நடப்பவருக்கும் தெரியாது. உச்சி மறையும்போதுதான் தெரியும். மறைந்தால் திரும்பு! இதைத்தான் முன்னோர் பெயராகவே வைத்தார்கள்.

அடிவாரத்தில் ஆட்களை இறக்கியதும் நாங்கள் மலையின் பெயரை மட்டும் சொல்வோம். “ஏன் அப்படி ஒரு பேரு?” என்று அவர்களே கேட்பார்கள். அதற்குச் சொல்லும் பதில்தான் எங்கள் எச்சரிக்கை. எழில்முடி என்றால் ஏன் என்று எவர் கேட்பார்?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இளந்தம்பதி சொந்தக் காரில் வந்து, வரைபடத்தை நம்பி ஏறினார்கள். வழி தவறினார்கள். தேடிப்போன என் தம்பி அவர்களைக் காப்பாற்றினான்; ஆனால் அவனே பள்ளத்தில் சரிந்தான். மருத்துவமனை வராந்தாவில் அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுதாள். “உச்சி மறைஞ்சதும் இவரு திரும்பலாம்னாரு அக்கா. இவ்வளவு அழகான பேரா இருக்கே, என்ன ஆயிடப் போகுதுன்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்.”

என்னடா தம்பி? “என் கால் கதை போதும்க்கா, மலையைப் பத்திப் பேசு!” என்கிறான். பேசுகிறேன், நீ முதலில் உட்கார்!

இயக்குநர் ஐயா என்னிடம் சொன்னார்: “பழைய பேரைப் பார்த்தா வந்தவங்க திரும்பிப் போயிடுவாங்களேம்மா!” போகட்டும் ஐயா! திரும்பிப் போனவர் அடுத்த வருடம் குடும்பத்தோடு வருவார். திரும்பாமல் போனவர் எப்படி வருவார்?

அஞ்சமாட்டோம், அசரமாட்டோம், அந்தப் பெயரை விடவேமாட்டோம்! அடிவாரப் பலகையில் இன்றே திரும்புமலை என்று எழுத வேண்டும். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்! தாய்மார்களே, நன்றி! டேய் தம்பி, கையைத் தூக்கு என்றால் ஊன்றுகோலையா தூக்குவது? விழுந்துவிடாதே! இயக்குநர் ஐயா, உங்கள் கை இன்னும் மேசைமேல் இருக்கிறது. காத்திருக்கிறோம்... எழுந்துவிட்டது! நன்றி ஐயா, நெஞ்சார நன்றி!

அதோ, தூரிகையோடு நிற்கும் பெயின்டர் கேட்கிறார்: “எழுத்து எவ்வளவு பெருசா வேணும்க்கா?”

உச்சி மறைந்த பிறகும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எழுதுங்கள் அண்ணே! அனைவருக்கும் வணக்கம்.