லிரா நகரில் ஒரு ஸ்கேன்

– எழுந்திரு அபேஜா. வயித்தத் தொடச்சுக்கோ. ஸ்கேன் முடிஞ்சுது.

– நல்லாத்தானே இருக்கு டாக்டர்? உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கு.

– கல்லீரல் மெத்துனு இருக்கு. அதான் எனக்குப் புரியல.

– அப்புறம் என்ன ஓச்சென் ஐயா! வேலைக்குப் போகத் தகுதின்னு கையெழுத்தப் போடுங்க. நாளைக்கு விமானம். நெலத்த வித்து ஏஜெண்டுக்குக் குடுத்தாச்சு. ரியாத் போகலன்னா நானும் புள்ளைங்களும் மண்ணத்தான் திங்கணும்.

– உன் ரத்தம் வேற சொல்லுதே. ஹெபடைடிஸ் பி. ஏஜெண்ட் ஆளுங்க பாத்தப்பவும் இருந்துது, நாங்க பாத்தப்பவும் இருக்கு.

– அந்தக் கிருமி இந்த ஊர்ல யாருக்குத்தான் இல்ல? சும்மா கெடந்துட்டுப் போகுது.

– சும்மா கெடந்தா நானே உன்ன அனுப்பி வச்சிருவேன். அதப் பாக்கத்தானே மறுபடி ரத்தம் எடுத்தது. கிருமி எக்கச்சக்கமா இருக்கு. ரத்தத்த உறைய வைக்கிற அணு இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. இந்த ரத்தம் ஓடுற உடம்புல கல்லீரல் தழும்பேறி இறுகியிருக்கணும்.

– உங்க மெஷினுக்குத்தான் சீக்கு.

– பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?

– இல்ல.

– சாயங்காலம் கால் வீங்குதா?

– ...எதுக்குக் கேக்குறீங்க?

– பதில் சொல்லு. சாப்பாட்டக் கண்டா கொமட்டுதா? வயிறு உப்புதா?

– எனக்கா? ஒரு சட்டி மலக்வாங் கீரைய ஒத்த ஆளா வழிச்சுத் தின்பேன். டாக்டர்... மாசமா இருந்தாலும் அப்படியெல்லாம் வரும்ல?

– வரும். ஆனா நீ மாசமா இல்லியே. அதையும் இதே ரத்தத்துல பாத்தாச்சு.

– இல்லியா?

– இல்ல.

– நல்லாப் பாத்தீங்களா? ஐயா, உங்க கால்ல விழறேன், இன்னொரு தடவ பாருங்க!

– இல்லன்னா நல்லதுதானே? மாசமா இருந்தா அவனுங்க உன்ன ஏத்தவே மாட்டானுங்க. ஏன் அழுற?

– நான் இனிமே எங்கயும் போகல டாக்டர். என்னைய ஜெயில்ல வேணா போடுங்க. அவளுக்கு மருந்து குடுங்க.

– எவளுக்கு?

– என் புருஷனுக்கு ரத்தம் குடுக்கப் போனப்பவே கிருமி இருக்குன்னு என் ரத்தத்த வேணாம்னுட்டாங்க. அவளோடது சுத்தம்னு நெனச்சு ஏஜெண்ட்கிட்ட என் பேர்ல அவளக் கைய நீட்ட வச்சேன், அப்புறம் ஆள மாத்துனா மாட்டிப்பேன்னு இங்கயும் அவளத்தான் நீட்ட வச்சேன்.

– அபேஜா, யாரோட ரத்தம் இது?

– என் தங்கச்சி அக்குல்லு. என் பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய நிக்கிறா. ரியாத்துலேர்ந்து பொறக்கப்போற புள்ளைக்குச் சட்டை அனுப்பச் சொல்லியிருக்கா.