ரெண்டாம் நம்பர் ஆளு

— ஜர்னலுக்காக என் ஆராய்ச்சிப் பேப்பரைப் படிச்சுப் பாத்த ரெண்டு பேர்ல, ஒண்ணாம் நம்பர் ஆளு நல்லாருக்குன்னுதாம்ப்பா எழுதியிருக்காரு. இந்த ரெண்டாம் நம்பர் ஆளு இருக்கானே, அவன்தான் என் பேப்பரைத் திருப்பி அடிச்சுட்டான்!

— யாரு பாப்பா அவன்? நம்ம பக்கத்து ஆளா?

— யாருக்குத் தெரியும்? நம்ம பேரை மறைச்சுதான் ஜர்னல்காரங்க அவங்களுக்கு அனுப்புவாங்க. அவங்க பேரையும் நமக்குச் சொல்ல மாட்டாங்க. எல்லாம் மெயில்லயே முடிஞ்சிடும்.

— அதுக்கு ஏன் இம்மாம் கோவம்?

— முப்பதாம் தேதி லெக்சரர் இன்டர்வியூப்பா! என் பேர்ல ஒரு பேப்பர்கூட இல்ல.

— ஆறு பேப்பர் வந்துடுச்சுன்னு நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக் பூரா ஸ்வீட்டு குடுத்தேனே?

— ஐயோப்பா, அது ஆறும் உங்க பேர்ல கெடக்கு! ஃபாரத்துல ‘லாஸ்ட் நேம்’ கேட்டான். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? உங்க பேரைப் போட்டேன். காலேஜ் மெயில் படிப்போட போயிடும்னு உங்க மெயிலையே குடுத்தேன். இப்ப உலகமே ‘தனகோடி’ங்குது. பவித்ராங்கிற நான் வெறும் ‘பி’. இந்த ஏழாவதுலதான் முழிச்சுக்கிட்டு என் பேரைப் போட்டேன்.

— அடி ஆத்தே! இருபத்தெட்டு வருசமா மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட்டுல கெடக்குற நான் விஞ்ஞானியா?

— சிரிக்காதீங்க. அவன் எழுதியிருக்கிறதைக் கேளுங்க. “மழையில் ஈரக் களிமண் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும். ரோலர் சுற்றாது. இந்தக் கணக்கு வெயிலுக்கு மட்டுமே சரி. எழுதியவர் மழை நாளில் ஒரு ஷிஃப்ட் பெல்ட் பக்கத்தில் நிற்கட்டும்.” யார்கிட்ட? மைன்ஸ்காரர் பொண்ணுகிட்ட!

— களிமண்ணு… சரியாத்தானே சொல்லியிருக்கான்.

— நீங்களுமாப்பா? ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறவன் பெல்ட்டைக் கண்ணால பாத்திருப்பானா?

— பாத்திருப்பான், பாத்திருப்பான். பாப்பா, உன் பேப்பர்ல மூணாவது படத்துல ரோலரு செவப்பா இருக்குமா?

— ஆமா… உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சும்மா கேட்டேன்.

— நானும் பதில் நல்லாக் குடுத்திருக்கேன் பாருங்க. “இந்த மதிப்பாய்வாளருக்குச் சுரங்கம் என்றால் என்னவென்றே தெரியவில்லை.” எப்படி? அனுப்பப்போறேன்.

— இரு, இரு! கையை எடு அதுலேர்ந்து. போன மாசம் ஏதோ ஜர்னல்லேர்ந்து எனக்கு ஒரு மெயிலு வந்துச்சு. பெல்ட்டு விசயத்துல பெரிய ஆளு டாக்டர் தனகோடி, இந்தப் பேப்பரை நீங்க பாத்துச் சொல்லணும்னு கேட்டிருந்தாங்க. என் சர்வீஸைப் பாத்துதான் கேக்குறாங்கன்னு நெனைச்சுக்கினு, போன்லயே தமிழாக்கிப் படிச்சேன். பதிலையும் நான் பேசப்பேச அதுவே இங்கிலீஷாக்கிடுச்சு. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லல…

— அப்பா!

— நாளைக்கு மழையாம். பாஸ் வாங்கித் தரேன், ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு என்கூட வந்து பெல்ட்டைப் பாரு. அந்தப் பதிலை மட்டும் அனுப்பாத பாப்பா, அது சுத்திக்கினு என் போனுக்குத்தான் வரும்.