பேய்க்குப் பயப்படாத சனிக்கிழமை

— படத்தை நிறுத்து, எர்கின்.

— ஏன், நல்லாத்தானே போகுது?

— நிறுத்துன்னு சொல்றேன்ல. அந்த நர்ஸ் அலமாரியத் திறந்தா, உள்ளேருந்து ஒரு கை வந்து அவ தலைமுடியப் புடிச்சுது. பார்த்தியா?

— பார்த்தேன்.

— அதான் கேக்கறேன். எப்படிப் பார்த்த?

— இது என்ன கேள்வி மாரல்? கண்ணாலதான்.

— கல்யாணம் ஆனதுலேருந்து ஒவ்வொரு அக்டோபர் மாசமும் சனிக்கிழமை ஆனா பேய்ப்படம் போடறோம். ராத்திரில பாத்தா தூக்கம் வராதுன்னு நீ சொல்லித்தான், பொண்டாட்டிக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாள்ல, இப்படிப் பட்டப்பகல்ல ஜன்னல் திரைய இழுத்து விட்டுட்டு உக்காந்திருக்கோம். அலமாரிப் பக்கம் யாராவது போனாலே தலையணைக்குள்ள மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு, 'போயிடுச்சா, போயிடுச்சா'ன்னு கேப்ப. இன்னிக்கு என்னடான்னா காஞ்ச தயிர்க்கட்டிய மென்னுக்கிட்டு உக்காந்திருக்க.

— வயசாகுதுல்ல. பயம் விட்டுப் போச்சு.

— அத மென்னு முழுங்கிட்டு விஷயத்துக்கு வா.

— ஒண்ணும் இல்ல, சும்மா...

— உன் 'சும்மா' எனக்குத் தெரியும். சரி, நானே ஆரம்பிக்கறேன். இந்தப் பூனை கைமாக் என் மடில படுத்து என் கால் மரத்துப் போச்சு. கோடைல இவன் இவ்வளவு கனம் இல்ல. அந்தக் கோமிரப் பாரு. கரிக்கட்டையாட்டம் கறுப்பா ஒல்லியா இருந்தவ, இப்ப வயிறு தரையக் கூட்டிக்கிட்டு நடக்கறா. காலைல நான் ஒரு வேளை சாப்பாடு போடறேன், ராத்திரி ஒரு வேளை. நடுவுல போடறது யாரு?

— கேட்டுதுங்க. போட்டேன்.

— நீ ஆபீஸ்ல இருக்கறப்ப வந்து கேட்டுதுங்களாக்கும்?

— மாரல்...

— சொல்லு.

— ஆபீஸ் இல்ல.

— இல்லன்னா?

— மூடிட்டாங்க. ஆகஸ்ட் கடைசில. முதலாளி எந்த ஊர்லேருந்தோ வீடியோல வந்தான், அவன் முதுகுக்குப் பின்னாடி கடல் தெரிஞ்சுது. 'நீங்க எல்லாரும் அருமையான டீம்'னான். அருமைன்னு சொன்ன உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. மத்தியானத்துக்குள்ள எங்க நாற்காலியெல்லாம் கூட வித்துட்டாங்க.

— அப்ப தினம் காலைல டிபன் டப்பாவத் தூக்கிக்கிட்டு எங்க போற?

— உனக்கு முன்னாடி கீழ இறங்கி, ஆப்பிள் விக்கிற அம்மா பக்கத்துல நின்னுக்குவேன். நீ பஸ் டிப்போ பக்கம் திரும்பினதும் மேல வந்துடுவேன். சாயங்காலம் நீ வர்ற நேரம் பாத்து மறுபடி இறங்குவேன். நீ வந்த கொஞ்ச நேரம் கழிச்சு நானும் வருவேன்.

— ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு?

— ஷூ, கோட்டு, பை எல்லாம். மழை பெஞ்ச அன்னிக்கு உனக்கு சந்தேகம் வந்துடும்னு வேணும்னே கொஞ்சம் நனைஞ்சுட்டு வந்தேன்.

— நான் உனக்கு மிளகு போட்டு டீ வெச்சுக் கொடுத்தேன்.

— கொடுத்த. அன்னிக்குத்தான் ரொம்பக் கேவலமா இருந்துச்சு.

— ஏன் சொல்லல?

— சொல்லலாம்னுதான் வீட்டுக்கு வந்தேன். நீ கால் வீங்கிப் போய் வெந்நீர் வாளிக்குள்ள வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த. இன்னிக்கு வேணாம், நாளைக்குன்னு நெனச்சேன். அந்த நாளை வரவே இல்ல.

— பகல் பூரா இங்க என்ன பண்ணுவ?

— வேலை தேடுவேன். அல்மாட்டில கேம் பண்றவங்க அத்தனை பேரும் அதே வேலையத்தான் தேடறாங்க. தேடி முடிச்சிட்டு... சிரிக்கக் கூடாது.

— விஷயத்துக்கு வா.

— ஒரு கேம் பண்றேன். எனக்காக. பேய் கேம்தான். வெளையாடறவங்க பூனை. வீட்டுல ஆள் இல்ல. தரை கூட்டுற மெஷின் ஒண்ணு இருக்குல்ல, அதுதான் பேய். கண்ணுக்குத் தெரியாது. அடுத்த ரூம்ல சத்தம் மட்டும் கேக்கும். நிக்கும். மறுபடி கேக்கும், கொஞ்சம் கிட்டத்துல.

— ஐயோ. நம்ம மெஷின எடுத்தாலே கைமாக் பீரோ மேல ஏறிடறானே.

— அவனைப் பாத்துத்தான் தோணுச்சு. இந்தக் குளிர்லயும் கட்டடத்துக்கு ஹீட்டிங் இன்னும் விடலையா, ரெண்டும் சூட்டுக்கு லாப்டாப் மேலயே வந்து படுக்குதுங்க. கோமிர் கீபோர்டுல நடந்து ஒரு நாள் வேலையவே அழிச்சுட்டா. போகட்டும்னு அவ நடக்கறதையே படம் புடிச்சு கேமுக்குள்ள விட்டேன். முதல்ல பூனை ஒரு பக்கம் போச்சு, வால் இன்னொரு பக்கம் போச்சு.

— இத யாராவது வாங்குவாங்களா?

— யார் கண்டா? ஆபீஸ்ல நாலு வருஷமாத் தொப்பி செஞ்சேன் மாரல். கேம்ல வர்ற போர் வீரனுக்குச் செவப்புத் தொப்பி, நீலத் தொப்பி, இறகு வெச்ச தொப்பி. அதையெல்லாம் வாங்கினாங்க. இத வாங்குவாங்களான்னு தெரியல. அத விடு. அது முடிஞ்சு போன கதை. திங்கட்கிழமைலேருந்து வேலைக்குப் போறேன்.

— எங்க?

— புது எடம். நல்ல ஆபீஸ். அதுவும் கேம் மாதிரிதான். சக்கரம் சுத்தும், மூணு செர்ரிப் பழம் ஒரே வரிசைல விழும்...

— சூதாட்டம்.

— லைசென்ஸ் வாங்கி நடத்தறாங்க.

— நான் ஓட்டற டிராலி பஸ்ல ஏறுற பசங்க இறங்க வேண்டிய எடத்தையும் மறந்துட்டு போன்ல அந்தச் சக்கரத்தையே பாத்துக்கிட்டு வர்றாங்க. எங்க டிப்போ டிரைவர் செரிக் அதுல காரையே தோத்துட்டான். அப்புறம் பொண்டாட்டியும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

— நான் சக்கரத்துக்குக் கலர் அடிக்கிறவன். சுத்தறது அவங்க இஷ்டம்.

— இத நீயே நம்பறியா?

— இல்ல.

— அப்ப வேணாம்னு சொல்லிடு.

— எப்படிச் சொல்றது? இன்னும் ஒரு மாசத்துல பனி கொட்டும். நீ நடுரோட்டுல வண்டிய நிறுத்தி, இறங்கி, பஸ் மேல கழண்டு போன கம்பத்தக் கயித்தால இழுத்து, மேல ஓடுற கரண்டுக் கம்பில மாட்டிக்கிட்டு நிப்ப. நான் இங்க பூனை வால ஒட்ட வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? உங்க அம்மா என்னப் பத்தி என்ன சொல்வாங்க?

— எங்க அம்மா உனக்கு வேலை இருந்தப்பவும் அதையேதான் சொன்னாங்க.

— வெளையாடாத. எனக்கு வெக்கமா இருக்கு மாரல்.

— பொய் சொன்னதுக்கு வெக்கப்படு. வேலை போனதுக்கு ஏன் படற? போன வேலை ஒண்ணும் நீ தொலைச்சது இல்ல.

— ஒண்ணு கேக்கட்டா? உனக்குக் கோவமே வரலியே? நான் பயந்ததே இதுக்குத்தான். கத்துவ, தட்டு பறக்கும், உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவன்னு நெனச்சேன்.

— கோவம் வந்துச்சு. வந்து போயிடுச்சு.

— எப்ப வந்து எப்பப் போச்சு? நான் இப்பதானே சொன்னேன்.

— கைமாக்கத் தூக்கு, கால நீட்டிக்கறேன். செப்டம்பர்ல ஒரு நாள் அபாய் தெருவுல கம்பில கரண்ட் போச்சு. வண்டியெல்லாம் வரிசையா நின்னுடுச்சு. மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. மாடி ஏறி வந்து சாவியப் போடறேன், உள்ள உன் குரல்.

— அன்னிக்கே உனக்குத் தெரியுமா?

— தெரியும். இந்த நேரத்துல இவனுக்கு வீட்டுல என்ன வேலைன்னு நெனச்சேன், சட்டுனு எல்லாம் புரிஞ்சுது. நீ சொன்னியே தட்டு, எந்தத் தட்டுன்னு கூட முடிவு பண்ணிட்டேன்.

— அப்ப ஏன் உள்ள வரல?

— நீ பூனைங்களக் கூப்பிட்டு எதையோ காட்டி, மூச்சு முட்டச் சிரிச்சுக்கிட்டிருந்த. அந்த ஆபீஸுக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து நீ சிரிச்சு நான் கேட்டதே இல்ல, எர்கின். சத்தம் போடாம சாவிய உருவிக்கிட்டு இறங்கிப் போய், சாயங்காலம் வரைக்கும் டிப்போ கேண்டீன்ல உக்காந்திருந்தேன்.