ஹெட்லி ஸ்டாக்டேல் இன்னும் முடிவு பண்ணல

அட, வாசல்லயே நின்னுக்கிட்டு என்னத்தக் கேக்கப் போற, உள்ள வா மொதல்ல. வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு கட்சியில சொல்லி அனுப்பியிருக்காங்களா? சொல்லட்டும். ஆபீஸ்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்லுவாங்க. மூக்கு எப்படிச் செவந்து கெடக்கு பாரு. உன் கோட்டுல குத்தியிருக்கிற செவப்பு ரிப்பன் தோத்துப் போச்சு போ. டிசம்பர்ல எலெக்சன் வெச்சவனை இந்த மழையில வீடு வீடா நடக்க விடணும். அந்த நாற்காலியில உக்காரு. பூனை முடி ஒட்டும், பரவால்லையா? பூனை செத்துப் போச்சு. முடிதான் இன்னும் போக மாட்டேங்குது.

ஆமா, ஹெட்லி ஸ்டாக்டேல் நான்தான். இந்த வீட்ல ஒரே ஓட்டு. என் பொண்டாட்டி ஷீலா பேரும் இருக்கா உன் ஓட்டர் லிஸ்ட் அட்டையில? அடிச்சிரு கண்ணு. அவ போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு.

இல்ல, அதான் வாசல்லயே சொன்னேனே, நான் இன்னும் முடிவு பண்ணல. போன வாரம் உங்க கட்சியிலேந்து ஒரு தாடிக்காரர் வந்தாருல்ல, அவர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். பாதி மனசு உங்க பக்கம், பாதி மனசு அந்தப் பக்கம். நேத்து கன்சர்வேட்டிவ் பையன் ஒருத்தன் வந்தான், இதே நாற்காலியிலதான் உக்காந்தான். ஷூ பளபளன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில ஏன்டா இவ்வளவு நேரம் காத்துக் கெடக்க வேண்டியிருக்குன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், டீயை ஒரே மடக்குல குடிச்சு முடிச்சான், பாவம். ஞாயித்துக்கிழமை லிபரல் கட்சி அம்மா ஒருத்தங்க. ரோட்டுக் குழியைப் பத்தி ஆரம்பிச்சாங்க, நிறுத்தவே இல்ல. நல்ல மனுஷி. இன்னொரு கேக் துண்டு வெச்சிருந்தா ராத்திரிச் சாப்பாட்டுக்கே இருந்திருப்பாங்க.

நீயும் சொல்லு, கேட்டுக்கறேன். ம்ம். ம்ம். நியாயமாத்தான் படுது. ஆனா முடிவுன்னு வரும்போது என்னமோ இழுக்குது பாரு. டீக்கு சக்கரை போடவா?

சரி, தெருவுல மத்தவங்க என்ன சொன்னாங்க? மூணாம் நம்பர் பேரியா? உங்களுக்குத்தான்னானா? அதை எழுதி வேற வெச்சுக்கிட்டியா? அட அசடே. டிவியில மேட்ச் ஓடியிருக்கும், உன்னை அனுப்பிட்டுக் கதவைச் சாத்தணுமில்ல. அவன் எல்லாக் கட்சிக்கும் அதையேதான் சொல்லுவான். இந்தத் தடவை நீலத்துக்கு, அந்தக் கன்சர்வேட்டிவ்காரங்களுக்குத்தான் போடப் போறான். அவங்கப்பன் உசுரோட இருந்திருந்தா செருப்பைக் கழட்டியிருப்பான். எதிர் வீட்டு டான்யா? எல்லாரும் திருட்டுப் பசங்கன்னு கத்தினாளா? அது உங்க ஓட்டும்மா, தைரியமாக் குறிச்சுக்க. திட்டறவங்க போடுவாங்க. சிரிச்சுப் பேசி அனுப்பறான் பாரு, அவனைத்தான் நம்பக் கூடாது.

உண்மையச் சொல்லவா? இந்தத் தொகுதி இந்தத் தடவை கை மாறுது. மில்லு ஓடின காலத்துல ஒரு கழுதையை நிறுத்தினாலும் உங்க கட்சி ஜெயிக்கும். இப்ப அந்தக் கோவம் வேற பக்கம் திரும்பிருச்சு. மூஞ்சியைத் தொங்கப் போடாதே. நீயா அதுக்குப் பொறுப்பு? கேக்கைச் சாப்பிடு.

பக்கத்து வீடா? பதினாலா? அங்கயா தட்டின? எவ்வளவு நேரம் நின்ன? உள்ள டிவி சத்தம் ஏதாவது கேட்டுச்சா? கேக்கலையா. இல்ல, சும்மாதான் கேட்டேன். எனக்குச் சில நாள் கேக்கும். அது காலி வீடு கண்ணு.

நோர்மா வீடு அது. போன எலெக்சன் வரைக்கும் இருந்தா. உங்க கட்சின்னா அவளுக்கு உசுரு. ஜன்னல் நிறைய உங்க போஸ்டர். வாசல் தோட்டத்துல ரோஜாச் செடியை வெட்டிட்டு உங்க பலகையை நட வெச்சா. தபால் ஓட்டுச் சீட்டு வந்த அன்னைக்கே உங்க ஆளு பேருக்கு நேரா குறி போட்டு அனுப்பிட்டா. உங்க ஆளுங்க வந்தப்போ, நான் போட்டாச்சு, என்கிட்ட என்ன வேலை, போய் மத்தவங்களைப் பாருங்கடான்னு வெரட்டி விட்டா. பெருமை தாங்கல அவளுக்கு. அவங்களும் அட்டையில அவ பேரை அடிச்சுட்டாங்க. தப்பே சொல்ல மாட்டேன். விழுந்த ஓட்டைத் தேடிக்கிட்டு யாரு வருவா? கன்சர்வேட்டிவ்காரங்க பலகையைப் பாத்துட்டு வாசப்படியையே மிதிக்கல. லிபரல்காரங்களும் அப்படித்தான். என் கதவைத் தட்டுவாங்க, அவளைத் தாண்டி அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. அந்தக் கடைசி வாரம் பூரா தெருவுல ஆளுங்க நடமாட்டம்தான். எல்லாரும் அவ வீட்டைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. அவ சமையக்கட்டுத் தரையில கெடந்திருக்கா.

இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. உடனே உசுரு போகலைன்னு டாக்டர் சொன்னார். அதை ஏன் சொன்னார்னு இன்னைக்கும் அவர் மேல எனக்கு ஆத்திரம்.

எனக்கு ஒண்ணும் கேக்கலையான்னா? கேக்காம என்ன, இந்தச் செவுரு அட்டை மாதிரி, எல்லாம் கேக்கும். டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சும்மா. அதுதான் வெனை. எலெக்சன் நியூஸ் பாத்துட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சேன். உங்க ஆளு ஜெயிச்சதும் செவுத்தைத் தட்டினேன். எப்பவும் ரெண்டு பேரும் தட்டிக்குவோம். பதிலுக்குத் தட்டல. தூங்கிட்டா போலன்னு நானும் போய்ப் படுத்தேன்.

யாரு பாத்தாங்கன்னு கேக்கறியா? உங்க கட்சி ஆளுங்கதான். ரிசல்ட் எல்லாம் வந்து, கொண்டாட்டம் எல்லாம் முடிஞ்சு, பலகையைத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்தாங்க. அடுத்த எலெக்சனுக்கு ஆகுமில்ல. பலகையைப் புடுங்கும்போது பாத்தா, ஜன்னல் கண்ணாடியில உள் பக்கமா ஈ. அது ஜூன் மாசம்.

அட, அழாதே. உன் பேரென்ன சொன்ன, ஃப்ரேயாவா? நீ அப்பப் பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப. கண்ணைத் தொடைச்சுக்க. அந்தப் பலகையை மட்டும் யாரும் எடுக்க வரலைன்னா இன்னும் எத்தனை நாளோ, அதை நெனைச்சுப் பாரு.

எனக்கும் யாரும் இல்லம்மா. பொண்ணு கனடாவுல இருக்கா, கிறிஸ்துமஸுக்குப் பேசுவா. குறை சொல்லல, அவளுக்கும் பொழப்பு இருக்குல்ல. தபால்காரன் லெட்டரைக் கதவு ஓட்டையில தள்ளிட்டு ஓடிடறான். நோர்மாவைத் தூக்கிட்டுப் போன பிறகு ஒரு நாள் நானும் சமையக்கட்டுத் தரையில படுத்துக் கத்திப் பாத்தேன். சிரிக்காதே. தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்ல டான்யா குப்பைத் தொட்டியை உருட்டறது எனக்கு அப்படியே கேக்குது. நான் கத்தறது அவளுக்குக் கேக்கல. எந்திரிக்க முடியாம கொஞ்ச நேரம் அங்கயே கெடந்தேன். முட்டி மடக்கி எழுந்திருக்க வரல. இந்த வயசுல பயமா இருக்குன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா பயமாத்தான் இருக்கும்மா.

என்ன, கெளம்பிட்டியா? என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்க, காட்டு. முடிவு பண்ணல. ஆங், அதை அப்படியே விடு. உங்களுக்குத்தான்னு எழுதினா தாடிக்காரர் வர மாட்டார். அவங்களுக்குன்னு எழுதினா நீங்க யாருமே வர மாட்டீங்க. முடிவு பண்ணாதவன் வீட்டைத்தானே மாத்தி மாத்தித் தட்டறீங்க.

ஓட்டா? அது எப்பவோ போட்டாச்சு கண்ணு. தபால்ல வந்த அன்னைக்கே போட்டு அனுப்பிட்டேன். அந்தப் பையன்கிட்டயும் சொல்லல, அந்த அம்மாகிட்டயும் சொல்லல. நீ அழுதியேன்னு உன்கிட்டச் சொல்றேன். கட்சியில சொல்லிடாதே.

இன்னொண்ணு. வியாழக்கிழமையோட எலெக்சன் முடிஞ்சிரும். அப்பறம் முடிவு பண்ணாதவனை எவன் தேடப் போறான்? உங்க பலகை ஒண்ணு இருந்தா வாசல்ல நட்டுட்டுப் போறியா? கன்சர்வேட்டிவ் பையன் நாளைக்கு ஒண்ணு கொண்டாறேன்னான், லிபரல் அம்மாவும் ஒண்ணு தர்றேன்னாங்க. மூணு கலரையும் பாத்துத் தெருவே சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும். எடுக்கறதுக்கு மட்டும் எல்லாரும் ஒரே நாள்ல வந்துடாதீங்க. அந்தப் பையன் சனிக்கிழமை வர்றான், அந்த அம்மா அதுக்கடுத்த புதன். நீ கிறிஸ்துமஸ் முடிஞ்சு வாயேன். வந்து பலகையை மட்டும் புடுங்கிட்டுப் போயிடாதே, கதவைத் தட்டு. நான் தொறக்கலைன்னா குனிஞ்சு அந்தக் கதவு ஓட்டை வழியா ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு.