பனி மெல்லியது, வண்டிகள் செல்லத் தடை

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள். அப்படியொன்றுமில்லை, ஷெரிஃப். வீட்டில் இருந்தால் மனைவி வேலை சொல்வாள், அவ்வளவுதான்.

எங்கள் மினசோட்டா தன்னுரிமைக் கட்சி பிறந்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அரசாங்கம் மனிதர்களைச் சும்மா விட்டால் போதும் என்பது கொள்கை. இருபத்திரண்டு வருடத்தில் பதினேழு முறை உடைந்தோம். ஒருமுறை, கூட்டம் தொடங்க மணி அடிப்பது அடக்குமுறையா என்று விவாதித்து, கூட்டம் தொடங்காமலே இரண்டாகப் பிரிந்தோம்.

ஓரின் ட்வெட் போன வசந்தத்தில்தான் நகரத்திலிருந்து குடிவந்தார். அதற்குள் தலைவர். மனைவி கெர்டாவையும் மச்சானையும் செயற்குழுவில் ஏற்றிவிட்டார். போக்குவரத்து விளக்கையும் பிடுங்க வேண்டும் என்கிற கோஷ்டி அவருடையது. முதலில் ஒரு தேர்தலிலாவது ஜெயிப்போமே என்கிற கோஷ்டி என்னுடையது. அவர்கள் ஐந்து பேர், நாங்கள் நால்வர். மார்ச் கடைசிச் சனிக்கிழமை எங்கள் நால்வரையும் கட்சியைவிட்டு நீக்கத் தீர்மானம்.

காபிக் கடையில் எல்லோர் முன்னாலும் ஓரின் என்னைக் கேட்டார்: "ஏன் மைலோ பெரிசு, முப்பத்தோரு வருஷம் நெடுஞ்சாலைத் துறைக்கு போர்டு எழுதி, வரிப் பணத்துல வயிறு வளர்த்த ஆளு. நீயா எங்களுக்கு சுதந்திரம் சொல்லித் தரப் போற?"

"அந்த வயித்தோடதான்யா உன் தேர்தல் போர்டையும் எழுதினேன்."

"அதான் தோத்துட்டேன்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பதில்தான்.

ஓரினிடம் ஒரு குணம். அரசாங்கப் பலகை எதைச் செய்யாதே என்கிறதோ, அதைச் செய்துவிட்டுத்தான் நகர்வார். 'பெயிண்ட் ஈரம், தொடாதீர்' என்றிருந்தால் இரண்டு கையையும் வைப்பார். மாவட்டத்துப் பெஞ்சுகளில் பாதி அவர் கைரேகையோடுதான் காய்ந்திருக்கின்றன.

நூலக அறை அரசாங்கத்துடையது என்று அவர் வர மறுத்ததால், கூட்டம் ஏரி நடுவே என் மீன்பிடிக் குடிலில். கரையிலிருந்து, பனி வண்டியைத் தாங்குகிற ஒரே தடத்தில்தான் எல்லோரும் ஏரிமேல் வண்டி ஓட்டுவோம். அதற்கு வலப்பக்கம் ஆறு வந்து விழும் இடம். மார்ச்சில் அங்கே பனி அப்பளம் மாதிரி. உள்ளூர்க் குழந்தைக்கும் தெரியும். ஓரினுக்கு இது முதல் குளிர்காலம்.

நான் ஒரு பலகை எழுதினேன். 'பனி மெல்லியது. வண்டிகள் செல்லத் தடை. மாநில அரசு உத்தரவு.' முத்திரை உட்பட அச்சு அசல். அதை வலப்பக்கம் நட்டேன். முதல் வரியில் பொய் கிடையாது.

அடுப்பு மூட்ட முன்னதாகவே குடிலுக்கு வந்திருந்தேன், தனியாக. ஜன்னல் வழியே பார்த்தேன். வண்டி நின்றது. ஓரின் இறங்கி வாசித்தார். பலகையை உதைத்துச் சாய்த்தார். ஏறி, வலப்பக்கம் திருப்பினார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் ஒரு மனிதர் தன் விருப்பப்படி போகும்போது குறுக்கிடுவது எங்கள் கொள்கை இல்லை.

தீர்மானம் தோற்க ஒரு வாக்கு குறைந்தாலே போதும். வண்டியில் மூன்று பேர் இருந்தார்கள். கெர்டாவும் மச்சானும் எப்போதும் அவரோடுதான் வருவார்கள். அது எனக்குத் தெரியும். அடுத்த வாரம் வாக்கெடுப்பு நடந்தது. எங்களுக்கு நாலு, அவர்களுக்கு ரெண்டு. கட்சியில் இப்போது கோஷ்டியே இல்லை.

விபத்து என்று நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பத்திரிகைக்காரன் எழுதுகிறான், அரசாங்கம் எச்சரித்ததாம், அவர்கள்தான் கேட்கவில்லையாம். செய்யாத நல்ல காரியத்துக்கு அரசாங்கத்துக்குப் பேர். அதை எப்படிப் பொறுப்பது?

கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஷெரிஃப். 'போ' என்று சொல்லியிருந்தால் ஓரின் போயிருக்கவே மாட்டார். அதனால்தான் போகாதே என்று எழுதினேன்.