வியாழக்கிழமை சால்வை

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பதில் நான் கெட்டிக்காரன். புரிந்துகொள்வதில்தான் கொஞ்சம் மந்தம். அன்று பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு மீனவர்கள். இளையவர் கையில் பட்டணத்து மனித உரிமைக் கமிட்டி அனுப்பிய கடிதம்.

“மாமா, புயல்லயும் புள்ளத்தாச்சிங்கள படகுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தியே, அதுக்கு வியாழக்கெழம சால்வ போத்துறாங்களாம்.”

“வியாழக்கெழம வரமாட்டேன். அன்னிக்கு நம்ம பாடு.”

“இன்னா மாமா, கலெக்டரே வர்றாராம்!”

“வரட்டுமே. சீட்டுப் போட்டு வந்த முறைடா. பாட்ட வுட்டா, அடுத்த முறை வர்ற வரைக்கும் ஏரியில வலை போட முடியாது. வூட்ல இன்னாத்த துன்றது?”

“கோச்சுக்குவாங்க.”

“மனித உரிமைக்காரங்கதானே? எம் பாடு, எம் உரிமை. வெள்ளிக்கெழம வெச்சா வர்றேன்னு எழுது.”

இளையவர் கடிதத்தை முழங்காலில் வைத்து, அதன் பின்பக்கத்திலேயே எழுதத் தொடங்கினார்.

எல்லாம் காதில் விழுந்தும் என் மண்டையில் தங்கியது ‘பாட்ட’ மட்டும்தான். கலெக்டரையே காக்க வைக்கும் அப்படி என்ன பாட்டு? ஆசை தாளாமல் பெரியவரின் தோளைத் தொட்டேன்.

“அந்தப் பாட்டை ஒரு வரி பாடுங்களேன்.”

“அது பாட்டு இல்ல சாரே, பொழப்பு.”