குனியாமல் நுழைய வழிவைத்தவர்

மரத்தின் மனமறிந்த மாண்பினரே! இழைப்புளி ஏந்திய இனியவரே! நெய்வேலி நகரியத்தின் கடைத்தெருக்களுக்கு அலமாரியும் அடைப்பும் அழகுற அமைத்தளித்த அண்ணலே! தச்சு மேஸ்திரி மருதாசலம் அவர்களே! இருபத்தேழு ஆண்டுகள் ஓயாது உழைத்து இன்று ஓய்வு காணும் தங்களுக்கு, கட்டடப் பிரிவு ஊழியர்கள் கைகூப்பி வழங்கும் மடல் இது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் தலையைக் குனிந்து மேசையின் மூட்டுகளை ஆராயத் தொடங்கிவிடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகையால் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் அவைக்குச் சொல்கிறோம். தாங்களும் அப்படியே கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே! பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த இந்த மனிதருக்குத் துருவித் துருவிக் கேட்பதே முதல் தொழில்; தச்சு வேலை அதற்கு அடுத்ததுதான். நகரியத்தில் கடை ஒதுக்கீடு பெற்றவர் எவரானாலும், வெறும் நாலு சுவருக்குள் அவரை நிறுத்தி, சரக்கே இல்லாமல் வியாபாரம் செய்து காட்டச் சொல்வார். தையற்காரர் காற்றை வெட்டினார். மருந்துக் கடைக்காரர் இல்லாத அலமாரியிலிருந்து இல்லாத சீசாவை எடுத்தார். முழங்கை எங்கே போகிறது, கண் எதைத் தேடுகிறது என்று பார்த்துப் பார்த்து, மேஸ்திரி தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்வார். இதென்ன கிறுக்குத்தனம் என்று சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. பிறகு அதே கடைகளில் எதைக் கேட்டாலும் சட்டென்று கைக்கு வருவதைக் கண்டு வாயடைத்துப் போனவர்களும் நாங்களே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு, வடக்குத்து கிராமத்துச் சின்னம்மாளுக்கு ஒரு கடை ஒதுக்கீடானது. சுரங்க வாசலில் கூடை வைத்து வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்தவர் அவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். முப்பது நாளைக்குள் சாவி வாங்காவிட்டால் கடை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். முப்பதாம் நாள் மதியம் வந்தவர், இடுப்பளவு உயரத்தில் முன்பக்கம் முழுவதையும் அடைத்து நின்ற விற்பனைப் பலகையைப் பார்த்தார். எந்தப் பக்கமாக உள்ளே போவது என்று கேட்டார். பலகைக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டும், எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்றார் மேஸ்திரி. அவர் வரத் தாமதமானதால் அவரைக் கேளாமலே பொருத்தி, பொறியாளர் அளந்து பார்த்து ஒப்பமிட்டுவிட்ட பலகை அது.

"பொறந்ததுலேர்ந்து குனிஞ்சிக்கினுதாங்க இருந்தம்," என்றார் சின்னம்மாள். "என் கடைக்குள்ளயும் குனிஞ்சிதான் போவணும்னா எனக்குக் கடையே வேணாங்க."

கூடையை எடுத்துக்கொண்டு போய் எதிரே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. தேடி வந்ததை எட்டி உதைக்கிறாரே என்று எங்களுக்கு எரிச்சல். மேஸ்திரிக்கோ, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைக்கு அடியில் நுழைந்தார், வெளியே வந்தார், மறுபடியும் நுழைந்தார். ஏழு முறை எண்ணினோம். பதினைந்து ஆண்டுகளாக இத்தகைய பலகைகளைப் பொருத்தியவர், ஒன்றிலாவது தாம் நுழைந்து பார்த்ததில்லை. ஊரையே நடித்துக் காட்டச் சொன்னவர், உள்ளே நுழைவதை மட்டும் காட்டச் சொல்ல மறந்திருந்தார். கடைசியாக எழுந்து நின்றபோது அவர் முகம் வெட்கத்தில் சுண்டிப் போயிருந்தது.

அனுமதி கேட்கலாமென்றால் பொறியாளர் கடலூர் போயிருந்தார். ஒப்பமான பலகையில் ரம்பம் வைத்தால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று உடனிருந்த தச்சர் ராஜாங்கம் ஒதுங்கிக்கொண்டார். மேஸ்திரியே ரம்பத்தை எடுத்தார். மேல்பலகையையும் முன்னடைப்பையும் சேர்த்து இரண்டடி அகலத்துக்கு அறுத்து, அறுத்த துண்டையே கீல் போட்டுக் கதவாக்கினார். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் மரத்தடிக்குப் போய், ஒரு தடவை நடந்து பார்க்கும்படி சின்னம்மாளைக் கேட்டுக்கொண்டார். அவர் தலையில் கூடையோடு எழுந்து வந்து, அந்தக் கூடையை இறக்காமலே உள்ளே போனார். பிறகுதான் சாவிக்குக் கை நீட்டினார். எங்களில் சிலருக்கு அன்று அழுகையே வந்துவிட்டது, இன்றுதான் ஒத்துக்கொள்கிறோம்.

மறு வாரம் மெமோ வந்தது. அதைத் தட்டச்சு செய்த ராமலிங்கம்தான் இந்த மடலையும் அடித்திருக்கிறார். ஒப்பமான பலகையை யாரைக் கேட்டு வெட்டினீர் என்பது கேள்வி. மேஸ்திரி கைப்பட எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரி: "கடைக்காரரைக் கேட்டு வெட்டினேன்." அதற்கான கண்டனம் அவருடைய பணிப்பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. அதன்பின் நகரியத்தில் எழுந்த ஒவ்வொரு கடையின் வரைபடத்திலும் பலகையில் அந்தக் கதவும் இருக்கிறது.

கேட்பதில் குறையாத கேண்மையாளரே! கண்ணும் கரமும் கடைசிவரை கைகொடுக்க, நோய்நொடி நெருங்காமல், இல்லத்தரசியார் நாகம்மாள் அவர்களோடு நீண்ட காலம் நிமிர்ந்து வாழ்க என மனமார வாழ்த்துகிறோம்.

நெய்வேலி
30-6-1984

தங்கள் அன்பில் திளைக்கும்
கட்டடப் பிரிவு ஊழியர்கள்

தம் பெயரையும் சேர்க்கச் சொல்லி நேரில் வந்து கேட்டவர்:
சின்னம்மாள், கடைக்காரர்